வரதன், 1993

எங்கள் பல்கலைக்கழகம் ஆய்விதழ்களுக்குச் சந்தாவைப் புதுப்பிக்க மறந்த வருடம், ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், நூலகத்தின் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் ஒரு ஆய்வு மாணவர் 'முழுக்கட்டுரை' என்ற இடத்தை வழக்கம்போல நம்பிக்கையில்லாமல் தட்ட, கட்டுரைக்குப் பதில் அதை எழுதியவரே வந்து இறங்கினார். ஆட்டோவில்தான் வந்தார். வெள்ளைக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் காது இரண்டும் சிவந்திருந்தன. வாசலில் தன் பெயரையும் கட்டுரை வெளிவந்த வருடத்தையும் சொல்லிவிட்டு உள்ளே போய், அந்த மாணவருக்கு எதிரில் உட்கார்ந்து, பையிலிருந்து இருபத்திரண்டு பக்கங்களை எடுத்து முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அட்டவணையைக்கூட விடவில்லை. கடைசி வரியின் கடைசிச் சொல்லைச் சொன்னதும் எழுந்து, தண்ணீர் குடித்து, வாசலைத் தாண்டிப் போனவரை அதன்பிறகு பஸ் ஸ்டாண்டிலோ ரயிலடியிலோ யாரும் பார்க்கவில்லை. மறுநாள் நாலு பேர் வந்தார்கள்.

எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அவர்கள் படித்தால் எல்லோருக்கும் மொழி புரிந்தது. புரியாதது கட்டுரைதான்.

இது ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்கள் பல்கலைக்கழகத்தில் கிடையாது, எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்றுதான் கேட்பார்கள். வந்தவர்கள் புத்தகக் கணக்கா விருந்தினர் கணக்கா என்று ஆட்சிக்குழு மூன்று மணி நேரம் கூடிப் பேசி, விருந்தினர் என்றால் சாப்பாடு போட வேண்டிவரும் என்று யாரோ எடுத்துச் சொல்ல, கடைசியில் 'தற்காலிகப் பருவ இதழ்' என்று தீர்மானம் போட்டார்கள். அன்றிலிருந்து உள்ளே நுழைகிற ஒவ்வொரு அறிஞரின் முழங்கையிலும் நூலக முத்திரை குத்தப்பட்டது. பைகளை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்ற பழைய விதியும் அப்படியே இருந்தது. கட்டுரை பையில்தான் இருக்கிறது, பையில்லாமல் உள்ளே போய் என்னத்தைப் படிப்பது என்று ஒரு ஜப்பானியர் இரண்டு மணி நேரம் மன்றாடினார். விதியைத் திருத்தக் குழு போட்டார்கள். குழு இன்னும் கூடவில்லை, அதுவரை செக்யூரிட்டி அறிஞர்களின் பையைக் கண்டும் காணாமல் உள்ளே விட்டார்.

இதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வாசலுக்கு நேர் எதிரே டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் கடையில் உட்கார்ந்திருப்பவள் நான். ராஜகனி என்று பெயர். இந்தப் பல்கலைக்கழகத்தில் வணிகவியலில் டாக்டர் ஆனவர்கள் முக்கால்வாசிப் பேர் என் விரலில் ஏறி இறங்கியவர்கள்தான்.

கார்த்திகை பிறந்தபோது ஒரு எம்.பி.ஏ. முதலாண்டு மாணவன் 'வணிகம்' என்ற ஒரே சொல்லைப் போட்டுத் தேடி, வந்த பட்டியல் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து முழுக்கட்டுரையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவன் டீயை முடிப்பதற்குள் நாலாயிரம் பேர் வந்து, சுங்கச்சாவடி வரைக்கும் பஸ் நின்று, இரண்டு கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டு, ஒரு மண்டபத்தில் பெண்வீட்டார் இவர்களை மாப்பிள்ளை வீட்டாரென்று நினைத்துச் சந்தனம் கொடுத்து, ஊரே இரண்டு நாள் அல்லோலகல்லோலப்பட்டது. நூலகர் தெரசாள் மேடம், ஏற்கெனவே சிரிக்காத முகம், கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். ஒற்றைச் சொல்லைப் போட்டுத் தேடாதே, எந்தத் தொழில், எந்த நாடு, யாரைப் பற்றி என்று மூன்று நாலு சொல்லாவது சேர்த்துப் போடு, பத்து வருடத்துக்குள் என்று வரம்பு வை, சுருக்கத்தைக் கேட்காமல் யாரையும் உள்ளே கூப்பிடாதே, கூப்பிட்டால் நீயே சோறு போடு. இத்தனை வருடமாக நூலகப் பயிற்சி வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னதும் அதையேதான், அப்போது கொட்டாவி விட்டவர்கள் இப்போது நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சுருக்கம் மட்டும் போதுமென்றால் அறிஞர்கள் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்று ஏழெட்டு வாக்கியத்தில் சொல்வார்கள்; பிடித்திருந்தால் உள்ளே கூப்பிடலாம், இல்லையென்றால் கும்பிட்டு அனுப்பிவிடலாம். அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை, மரத்தடியில் நின்றுகொண்டு 'மேலும் ஆய்வு தேவை, மேலும் ஆய்வு தேவை' என்று என் கடையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தேடும்போது 'நிபுணர்களால் மதிப்பாய்வு செய்யப்பட்டவை மட்டும்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், ஒவ்வொரு அறிஞருக்கும் பின்னால் முகத்தைத் துண்டால் மூடிய இரண்டு பேர் கூடவே வந்து, வாக்கியத்துக்கு வாக்கியம் தொண்டையைச் செருமுவார்கள். நாலு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு நாலு பேரும் வருவார்கள், ஒருவர் படிப்பார், மற்ற மூவர் கேன்டீனில் இருப்பார்கள். அடிக்குறிப்பு வந்தால் படிக்கிறவர் தரையில் உட்கார்ந்து அதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து நிற்பார். எண்பது அடிக்குறிப்பு உள்ள ஒரு சட்டக்கட்டுரைக்காரருக்குக் கடைசியில் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டியதாயிற்று.

ஊர் பழகிவிட்டது. ஆட்டோக்காரர்கள் ஆளைப் பார்த்ததும் துறையைச் சொன்னார்கள்: வாடகையைப் பேரம் பேசினால் பொருளியல், வழியைப் பற்றிக் குறை சொன்னால் மேலாண்மை, பேசாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தால் புள்ளியியல். கேன்டீனில் சாம்பாருக்கு மிளகாயைக் குறைத்தார்கள். ஆய்வு மாணவர்கள்தான் பாவம், முன்பு கட்டுரை கிடைக்கவில்லை என்று அழுதவர்கள் இப்போது கிடைத்த கட்டுரை எழுந்து போகமாட்டேனென்கிறது என்று அழுதார்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பது இதுதான்.

இசக்கியம்மாள் வந்தது இந்தக் கூத்துக்கு நடுவில். நாற்பத்தொரு வயது, ஒரு சுயநிதி மகளிர் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர், பகுதிநேர ஆய்வாளராகப் பதிந்து ஏழு வருடம். பெண்கள் நடத்தும் சிறுதொழில்கள் ஏன் மூடப்படுகின்றன என்பது அவளுடைய தலைப்பு. ஏழு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, இட்லிக் கடை, தையல் கடை, ஊறுகாய், அப்பளம், பியூட்டி பார்லர் என்று மூடிப்போன கடைகளின் சொந்தக்காரிகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைத் தேடிப் பிடித்துக் கேள்வித்தாளை நிரப்பி வாங்கியிருந்தாள். மார்ச் முப்பத்தொன்றோடு அவள் பதிவு காலாவதி. அதற்குள் ஆய்வுக்குழு கையெழுத்துப் போடாவிட்டால் ஏழு வருடமும் போச்சு, பட்டம் இல்லாதவர்களை ஜூனில் நிறுத்திவிடப்போவதாகக் கல்லூரி சொல்லியிருந்ததால் வேலையும் போச்சு.

ஆய்வுக்குழு ஒரே ஒரு சந்தேகம் கேட்டு அனுப்பியிருந்தது. அவளுடைய கேள்வித்தாள் முழுக்க 'வரதன், 1993' என்ற கட்டுரையில் சொன்ன ஐந்து காரணங்களின்மேல் நிற்கிறது: முதல் இல்லாமை, பயிற்சி இல்லாமை, சந்தை இல்லாமை, குடும்ப ஆதரவு இல்லாமை, உடல்நலம் இல்லாமை. அந்தக் கட்டுரையின் முழு வடிவத்தைக் கூட்டத்தில் காட்டவும்.

இங்கே என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு உண்டு, நூற்று முப்பத்தாறு மேற்கோள்களின் பட்டியல். வணிகவியல் ஆய்வாளர் யார் வந்தாலும் கடைசி வாரத்தில், "யக்கா, பின்னாடி அந்தப் பட்டியலப் போட்டுருங்க" என்பார்கள், நானும் ஒட்டிவிடுவேன். சீனியர் போட்டதை ஜூனியர் போடுவார், அதைப் பார்த்து அடுத்தவர் போடுவார். படித்தவர் யார் என்று நானும் கேட்டதில்லை, வாய்மொழித் தேர்வு நடத்த வந்தவர்களும் கேட்டதில்லை. அதில் கடைசிக்கு முந்தின பெயர் வரதன். முப்பத்தொரு ஆய்வேட்டில் அவரை நானே ஏற்றியிருக்கிறேன்.

இசக்கி மூன்று வாரம் தேடினாள். கட்டுரைத் தலைப்பைப் போட்டுத் தேடினாள், ஆசிரியர் பெயரைப் போட்டுத் தேடினாள், ஆய்விதழின் பெயரைப் போட்டுத் தேடினாள், மரத்தடிக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை. தெரசாள் மேடம் கடைசி வழியாக 'பிற நூலகங்களிலிருந்து இரவல்' என்ற விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னார். எந்த நூலகம் கொடுத்ததோ, ஒன்பதாம் நாள் காலை பத்தேகாலுக்கு வரதன் வந்துவிட்டார். முப்பத்தொரு ஆய்வேடு ஒரு ஆள் இருக்கிறான் என்று சத்தியம் செய்தால் அவன்தான் வராமல் என்ன செய்வான்.

சட்டைப்பையில் திருப்பியனுப்ப வேண்டிய தேதிச்சீட்டு குத்தியிருந்தது. வயது முப்பத்தைந்தும் சொல்லலாம், அறுபதும் சொல்லலாம். சட்டை நீலம் என்று நான் சொன்னேன், செக்யூரிட்டி பச்சை என்றார், வரதன் இரண்டுக்கும் ஆமாம் என்றார். இசக்கி எதிரில் உட்கார்ந்து பையைத் திறந்தார். பத்துப் பன்னிரண்டு தாள் இருந்தது, எல்லாம் வெள்ளைத்தாள்.

"நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்கம்மா, சொல்லிருதேன்" என்றார்.

இசக்கி அங்கேயே தலையில் கைவைத்துக்கொண்டாள். படித்து முடித்தால்தானே எழுந்து போவார்கள், இவரிடம் படிக்க ஒன்றுமில்லை என்பதால் போகவும் முடியாமல் நாலாம் நம்பர் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செய்தி பரவி, அவரை மேற்கோள் காட்டிய பழைய புதிய ஆய்வாளர்களெல்லாம் வரிசையில் வந்து நின்றார்கள். ஐயா, கடன் கிடைக்காததால்தான் கடை மூடுகிறது என்று நீங்கள் சொன்னதாகப் போட்டிருக்கிறேன் என்றார் ஒருவர். ஆமாம், சொன்னேன் என்றார். கடன் அதிகமாகக் கிடைப்பதால்தான் மூடுகிறது என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறேன் என்றார் அடுத்தவர். அதையும் சொன்னேன் என்றார். வியாழக்கிழமைக்குள் அவர் ஒன்றுக்கொன்று ஒட்டாத நாற்பது கருத்துகளைச் சொல்லி முடித்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். நல்ல மனுஷன், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாது. எனக்கானால் பற்றிக்கொண்டு வந்தது.

இசக்கியின் நெறியாளர் பேராசிரியர் சங்கரபாண்டியன் முதல் நாள் நூலக வாசல்வரை வந்து, உள்ளே இருந்தவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பிப் போனார். கூட்டத்துக்கு முந்தின நாள் என் கடையில் வைத்துத்தான் இசக்கியிடம் விஷயத்தைச் சொன்னார். இருபத்தேழு வருடத்துக்கு முன் அவர் ஆய்வேட்டைப் பார்த்த தேர்வாளர், நம் நாட்டு ஆய்வு ஒன்றுகூட இல்லையே என்று கேட்டிருக்கிறார், மறுநாளைக்குள் வேண்டும், இல்லாத ஆள் ஒருவரை, வரதன், 1993 என்று, இவரே இட்டுக்கட்டி எழுதிவிட்டார். ஒரு வரிதானே என்று நினைத்தாராம். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, நான் காதை மூடிக்கொள்ளவுமில்லை.

"எதாவது ஆறு பக்கம் எழுதி அவர் பையில வச்சிரும்மா. அவரு படிச்சிருவாரு, குழு கையெழுத்துப் போட்ரும். நீ டாக்டர், எல்லாருக்கும் நல்லது" என்றார்.

எல்லாருக்கும் நல்லது என்று யாராவது சொன்னால் அதில் நமக்கு என்ன கெடுதல் என்று பார்க்க வேண்டும். இசக்கிக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை. எழுத ஒரு இரவுதான் இருந்தது, காலையில் விடைத்தாள் கட்டு வேறு திருத்திக் கொடுக்க வேண்டும். மறுநாள் நூலகத்துக்குப் போனவள், கையில் அகப்பட்டதை எடுத்து வரதன் பையில் திணித்தாள். அது அவளுடைய கேள்வித்தாள்களில் ஆறாவது கட்டம், 'மற்றவை'. ஐந்து காரணத்தில் எதுவும் பொருந்தாத பெண்கள் ஓரத்தில் எழுதிக்கொடுத்த வரிகளை அவள் தனியாகப் படியெடுத்து வைத்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று நாற்பது பேர் அந்தக் கட்டத்தில்தான் எழுதியிருந்தார்கள். நெறியாளர் சொன்னபடி, 'மற்றவை அறுபத்தாறு சதவீதம், இவை குறிப்பிடத்தக்கவை அல்ல' என்று ஒரு வரியில் அதை முடித்திருந்தாள். அந்த வரியையும் நான்தான் டைப் செய்தேன், மூன்றில் இரண்டு பங்கு எப்படிக் குறிப்பிடத்தகாததாகும் என்று என் புத்திக்கும் எட்டவில்லை.

கூட்டத்துக்குப் பைண்டிங் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நீள மேசைக்கு அந்தப் பக்கம் சங்கரபாண்டியன், துறைத்தலைவர், வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியர் பத்மலோசனி. இந்தப் பக்கம் இசக்கி. நடுவில் வரதன் எழுந்து நின்று, பையைத் திறந்து, படித்தார்.

"இட்லிக் கடை. எட்டு வருசம். நல்லாத்தான் ஓடுச்சு. நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சதும் மகன் வந்து கல்லாவுல உக்காந்துட்டான். இப்ப நான் மாவாட்டுதேன்" என்று படித்தார். தையல் கடை, ஆறு மிஷின், ஆர்டர் குவிந்தது, அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். ஊறுகாய், மூன்று மாவட்டத்துக்குப் போனது, புது லேபிளில் மாமனார் படம். அப்பளம், க்யூஆர் அட்டை வந்தபோது வீட்டுக்காரர் பேங்க் கணக்கை ஒட்டினார், அத்தோடு சரி. பெண்ணின் பெயரில் இருந்த பதிவை ரத்து செய்ததால் எல்லாம் மூடப்பட்ட தொழில் என்று அரசாங்கப் பட்டியலில் ஏறியது. ஒரு கடையும் மூடவில்லை. ஒரு கடையும் நட்டப்படவில்லை. வரதன் தாளைப் புரட்டிப் புரட்டி, எல்லோருக்கும் ஆமாம் போட்ட அதே மெத்தென்ற குரலில் படித்துக்கொண்டே போனார்.

"யூனிவர்சிட்டி வாசல்ல டைப்பிங் கடை. பதினோரு வருசம் என் பேர்ல இருந்துச்சு. ஓட ஆரம்பிச்சதும் போர்டை மாத்திட்டாங்க. நான் அதே நாற்காலியிலதான் இருக்கேன். கடை மூடிட்டதா எழுதிக்கோங்க" என்று படித்தார்.

மூன்று வருடத்துக்கு முன், ஜெராக்ஸ் எடுக்க வந்த இசக்கி, உங்கள் பேரில் எப்போதாவது கடை இருந்ததா அக்கா என்று கேட்டுக் கையில் தாளைத் திணித்தபோது, நின்றவாக்கில் எழுதிக் கொடுத்தது. எழுதினதை மறந்தே போய்விட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாமல் வந்தது. கையிலிருந்த பிரதிகளைக் கீழே வைத்தேன்.

படித்து முடிந்ததும் சங்கரபாண்டியன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பார்த்தீர்களா, வரதன் 1993லேயே இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார், நம் மாணவி அதைக் களத்தில் உறுதிசெய்திருக்கிறார், அவ்வளவுதான், குறிப்பில் அப்படியே எழுதிக்கொள்ளலாம் என்றார். துறைத்தலைவர் பேனாவை எடுத்துவிட்டார்.

"1993ல க்யூஆர் அட்டை இருந்துச்சா சார்?" என்று கேட்டார் பத்மலோசனி.

வரதன் தொலைநோக்குப் பார்வை உள்ளவர் என்றார் சங்கரபாண்டியன். இசக்கி வாயைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து விழும், மார்ச் முப்பத்தொன்று தாண்டிவிடும், ஜூனில் வேலை போகாது, டாக்டர் இசக்கியம்மாள் என்று வீட்டு வாசலில் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, உலுக்க எனக்கு என்ன தகுதி என்றும் இருந்தது.

வரதன் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். படித்து முடித்தவர்கள் போய்விடவேண்டும், அவர் போகவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கி, மேசையில் இசக்கி பக்கமாகத் தள்ளிவைத்தார். வந்த நாளிலிருந்து யார் எதைச் சொன்னாலும் ஆமாம் என்றே சொன்ன மனிதர், இரண்டு முறை தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"இது நான் சொன்னது இல்லிங்க" என்றார்.

அவர் எழுதிய கட்டுரை அந்த ஒரு வரிதான் போலிருக்கிறது. சொல்லி முடித்ததும் ஜக்கிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குடித்து, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

சங்கரபாண்டியன் இசக்கியைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். அவருக்கு மறதி, வயதாகிவிட்டது, அவர் சொன்னதுதான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அப்போதும் எல்லாம் சரியாகிவிடும். பத்மலோசனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்படியானால் இதைச் சொன்னது யார் என்று கேட்டார்.

ஏழு வருடமாக இன்னார் கூற்றுப்படி, இன்னாரின் கருத்துப்படி என்று தொடங்காமல் ஒரு வாக்கியம் எழுதியறியாதவள் இசக்கி, எனக்குத் தெரியும், டைப் செய்தவள் நான். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"அந்தப் பொம்பளைங்க சொன்னாங்க. கேட்டு எழுதுனது நான்."

பத்மலோசனி, பழக்கதோஷம், பேனா முனையைத் தாளில் வைத்துக்கொண்டு, "வருஷம்?" என்றார்.

"இந்த வருஷந்தான் மேடம். இன்னைக்குத் தேதியே போட்டுக்கோங்க" என்றாள் இசக்கி.

அவர் போட்டுக்கொண்டார்.